பெண் பார்க்க வந்தபோது மணந்தது அவர் இல்லை

வாசகி கேள்வி:

எனக்கு வயது 26. பிறந்தது நிலக்கோட்டைப் பக்கம். வீட்டில் மல்லிகைத் தோட்டம். பள்ளிக்கூடம் போகுமுன் பூப் பறித்துக் கொடுத்து வளர்ந்தவள். நான்கு மாதத்துக்கு முன்பு கொடைக்கானல் மலையில் பூம்பாறைக்கு அந்தப் பக்கம் ஓர் ஊரில் வாழ்க்கைப்பட்டேன். வீட்டுக்காரர் நல்லவர். குடி கிடையாது, அதிர்ந்து பேச மாட்டார். மலைப்பூண்டு விவசாயம். பெண் பார்க்க வந்த அன்றும், அப்புறம் வத்தலக்குண்டில் இரண்டு முறை பார்த்தபோதும் அவரிடம் நல்ல வாசனை வந்தது. அது ஸ்பிரே என்று கல்யாணத்துக்கு அப்புறம்தான் தெரிந்தது. முதல் மூன்று மாதம் எப்படியோ ஓடிவிட்டது. இந்த ஒரு மாதமாக, பூண்டு வெட்டு ஆரம்பித்ததிலிருந்து, அவர் பக்கத்தில் வந்தாலே குமட்டுகிறது. பூண்டு, வியர்வை, ஈர ஸ்வெட்டர் எல்லாம் சேர்ந்த ஒரு வாடை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறேன். தலையணைக்குக் கீழே அம்மாவின் பழைய சேலை இருக்கிறது. அதை மோந்தால்தான் தூக்கம் வருகிறது. கணவன் வாசனை மனைவிக்குப் பிடிக்காவிட்டால் இருவர் ஜீனும் ஒத்துப்போகவில்லை என்று அர்த்தமாம், பிள்ளை நோஞ்சானாகப் பிறக்குமாம். செல்போனில் ஒரு வீடியோவில் சொன்னார்கள். அவரும் எதையோ புரிந்துகொண்டு 1,800 ரூபாய் கொடுத்து ‘ஃபெரமோன்’ என்று ஒரு சென்ட் வாங்கிப் போட்டுக்கொள்கிறார். அதனால் இன்னும் மோசம். அவரிடம் எப்படிச் சொல்வது? தப்பான ஆளைக் கட்டிக்கொண்டேனா?

தோல் மருத்துவரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மற்றதெல்லாம் அப்புறம். முதலில் ஒன்று சொல்லுங்கள்: நாள் தள்ளிப்போயிருக்கிறதா?

“மூன்று மாதம் ஓடிவிட்டது, இந்த ஒரு மாதமாகக் குமட்டுகிறது” என்று கல்யாணமாகி நான்கு மாதமான ஒரு பெண் எழுதினால், எந்த மருத்துவருக்கும் முதலில் இதுதான் தோன்றும். நீங்கள் பூண்டு வெட்டைக் காரணம் சொல்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் கர்ப்பத்தின் ஆரம்ப வாரங்களில் நேற்றுவரை பிடித்த காப்பி வாசமும் தாளிப்பு வாசமும்கூட வயிற்றைப் புரட்டும். கட்டிய கணவன் பக்கத்தில் வந்தால் வாந்தி வருகிறது என்று அழுத பெண்களைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலானவர்களுக்கு நான்காம் மாத வாக்கில் அடங்கிவிடும். மருந்துக்கடையில் பரிசோதனை அட்டை கிடைக்கும். காலையில் எழுந்ததும் வரும் முதல் சிறுநீரில் பாருங்கள். இரண்டு கோடு விழுந்தால் உங்கள் கேள்வியில் பாதி அங்கேயே முடிந்தது. மகப்பேறு மருத்துவரைப் பார்த்து ஃபோலிக் அமில மாத்திரையை ஆரம்பித்துவிடுங்கள். சமீபத்தில் கடுமையான சளி, காய்ச்சல், கொரோனா ஏதும் வந்திருந்தால் அதையும் யோசியுங்கள். மூக்கு நரம்பு அடிபட்டுத் தேறும்போது சாதாரண வாசனைகள்கூடச் சில மாதம் கெட்ட வாடையாகத் திரிந்து தெரியும்.

அட்டையில் ஒரு கோடுதான் என்றால் மேலே படியுங்கள். இரண்டு கோடு என்றாலும் படியுங்கள், பூண்டு அங்கேயேதான் இருக்கப்போகிறது.

அந்த வீடியோ எங்கிருந்து கிளம்பியது என்று எனக்குத் தெரியும். 1995-ல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்தில் கிளவுஸ் வேடக்கிண்ட் என்ற ஆராய்ச்சியாளர் 44 ஆண்களை இரண்டு இரவு ஒரே பருத்திப் பனியனைப் போட்டுத் தூங்கச் சொன்னார். சென்ட் கூடாது, வாடை கிளப்பும் சாப்பாடு கூடாது. உங்கள் வீட்டுக்காரர் போயிருந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள். அந்தப் பனியன்களை ஓட்டை போட்ட அட்டைப்பெட்டிகளில் வைத்து 49 பெண்களை மோந்து பார்க்கச் சொன்னார். நோய் எதிர்ப்புக்கான சில ஜீன்கள் உண்டு. சிறுநீரகம் மாற்றும்போது பொருத்தம் பார்ப்பது இவற்றைத்தான். இந்த ஜீன்கள் தங்களுடையதிலிருந்து வேறுபட்டிருந்த ஆண்களின் பனியனைத்தான் பெண்கள் அதிகம் விரும்பினார்கள். கருத்தடை மாத்திரை சாப்பிட்டவர்களிடம் முடிவு தலைகீழாக வந்தது.

அழகான ஆராய்ச்சி, மறுக்கவில்லை. ஆனால் அங்கே கேட்டது பனியன் வாசனை எப்படி இருக்கிறது என்று மட்டும்தான். அந்தப் பனியனுக்குரியவரை யாரும் கட்டிக்கொள்ளவில்லை, பிள்ளை பெறவும் இல்லை. பின்னால் பல நாடுகளில் அதே மாதிரி செய்து பார்த்தார்கள். ஒன்றில் ஆம் என்று வந்தால் இன்னொன்றில் இல்லை என்று வந்தது. நிஜத் தம்பதிகளின் ஜீன்களை ஒப்பிட்டபோதும் முடிவு உறுதிப்படவில்லை. “வாசனை பிடிக்கவில்லை, அதனால் பிள்ளை நோஞ்சான்” என்பது வீடியோக்காரர் தன் கையிலிருந்து போட்டுக்கொண்ட மசாலா. பிள்ளையைப் பற்றிக் கவலை என்றால் மூக்கிடம் கேட்காதீர்கள். அவர் உங்களுக்கு மாமன் மகன், அத்தை மகன் என்று நெருங்கிய சொந்தமா? அப்படியானால் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய்க்கான பரிசோதனையும் உண்டு. இவை உருப்படியான கேள்விகள்.

அதற்காக வாசனை ஒன்றுமே இல்லை என்று சொல்ல வரவில்லை. அமெரிக்காவில் ரேச்சல் ஹெர்ஸ் என்பவர் 2002-ல் வெளியிட்ட ஆய்வில், ஓர் ஆணிடம் ஈர்க்கப்படுவதற்கு முகத்தைவிட உடல் வாசனை முக்கியம் என்றுதான் பெண்கள் சொன்னார்கள். எனவே நீங்கள் விசித்திரமான ஆள் இல்லை. திரும்பிப் படுத்தது குற்றமும் இல்லை. குமட்டும்போது முகத்தைக் கொடுக்கச் சொல்லி எந்தச் சாஸ்திரமும் கட்டாயப்படுத்த முடியாது.

சரி, அவரிடம் வீசுவது என்ன? நீங்கள் ‘அவருடைய வாடை’ என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டீர்கள். நான் அதைப் பிரித்துப் பார்க்கிறேன், என் தொழில் அது.

மனித வியர்வைக்கு, வந்த சூட்டில், அநேகமாக வாடையே கிடையாது. உடம்பு முழுக்க வருவது உப்புத் தண்ணீர். அக்குளிலும் தொடை இடுக்கிலும் இருக்கும் வேறுவகைச் சுரப்பிகள் வயதுக்கு வந்த பிறகுதான் விழிக்கின்றன. அவற்றிலிருந்து கொஞ்சம் கொழுப்பும் புரதமும் கலந்து கசிகிறது. அதைத் தோலில் குடியிருக்கும் பாக்டீரியா தின்று வெளிவிடுவதைத்தான் நாம் வியர்வை நாற்றம் என்கிறோம். ஆக அதில் பாதி அவர், பாதி அவரோடு குடியிருப்பவர்கள். அந்தப் பாதியைச் சோப்பும் படிகாரமும் பார்த்துக்கொள்ளும். சலூனில் சவரம் முடிந்ததும் தேய்க்கிறார்களே, அந்தப் படிகாரம்தான். குளித்துத் துடைத்தபின் ஈரக் கட்டியை அக்குளில் ஒருமுறை இழுத்தால் போதும். முடியைக் கத்தரித்துக்கொண்டால் இன்னும் குறையும்.

அடுத்து, துணி. மேலே பனி இறங்கிவிட்டால் துவைத்த துணி மூன்று நாளானாலும் காயாது. அடுப்படிக் கொடியில் போட்டுப் புகையோடு எடுத்து மாட்டிக்கொள்வோம். ஸ்வெட்டரை மாதத்துக்கு ஒருமுறை துவைத்தாலே பெரிய விஷயம். அதிலும் நம் சந்தையில் ‘கம்பளி’ என்று விற்பதில் பெரும்பகுதி பாலியஸ்டர் கலந்தது. பெல்ஜியத்தில் கென்ட் பல்கலைக்கழகத்தார் 2014-ல், உடற்பயிற்சி செய்தவர்களின் சட்டைகளை வைத்திருந்து மோந்து பார்த்ததில், பருத்தியைவிடப் பாலியஸ்டரில்தான் மோசமான வாடை இருந்தது. வாடை உண்டாக்கும் ஒருவகைப் பாக்டீரியாவுக்கு அந்த இழை தோதான வீடு. உள்ளே ஒரு பருத்திப் பனியன், தினம் ஒன்று. மேலே போடும் ஸ்வெட்டர் காட்டுக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று. காட்டு ஸ்வெட்டர் படுக்கையறைக்குள் வரவே கூடாது.

இப்போது பாதம். உங்கள் கடிதத்தில் பாதத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை, ஆனால் என் சந்தேகம் அங்கேதான். ஈர மண்ணில் நாள் முழுக்கக் கம்பூட்ஸ் போட்டு நிற்பவர்கள் என்னிடம் வந்தால் நான் முதலில் காலைத்தான் நீட்டச் சொல்வேன். குதிகாலிலும் விரல்களுக்குக் கீழேயும் தோல் வெளுத்து ஊறி, குண்டூசியால் குத்தியதுபோலக் குட்டிக் குட்டிக் குழிகள் இருக்கும். வலிக்காது, அதனால் யாரும் கவனிப்பதில்லை. ஆனால் அந்தக் குழிகளில் இருக்கும் பாக்டீரியா கிளப்பும் வாடை அறையையே நிரப்பும். புருஷன் நாற்றம் என்று நினைத்தது கடைசியில் பூட்ஸ் நாற்றமாக முடிந்த கதைகள் என் மேசையில் நிறைய. களிம்பு பூசினால் சில வாரங்களில் சரியாகிவிடும். இரண்டு ஜோடி பூட்ஸ் வைத்துக்கொண்டு ஒன்று காயும்போது மற்றதைப் போட வேண்டும், அவ்வளவுதான்.

மிச்சம் பூண்டு. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது நான் சந்தோஷப்பட்டேன்; என்னிடம் வரும் கைகள் அதை விளைவித்த கைகள். வெட்டும் காலத்தில் பெண்கள் இடது கையை நீட்டிக்கொண்டு வருவார்கள். பெருவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றின் நுனி மட்டும் வெடித்து உரிந்திருக்கும், மற்ற இரண்டு விரலும் சுத்தமாக இருக்கும். பூண்டைப் பிடித்துக்கொள்ளும் விரல்கள் அவை. கத்தி பிடிக்கும் வலது கைக்கு ஒன்றும் ஆகாது. கையைப் பார்த்தே இந்தம்மா பூண்டு உரிப்பவர் என்று சொல்லிவிடலாம். உங்களுக்கும் அப்படி ஆகியிருந்தால் கையுறை போடுங்கள்.

பூண்டை நசுக்கும்போது வரும் காரமான வாடை ஒன்று, சாப்பிட்ட பின் உடம்பிலிருந்து வருவது வேறொன்று. சாப்பிட்டதில் உண்டாகும் அல்லில் மெத்தில் சல்ஃபைடு என்ற கந்தகப் பொருளைக் குடலும் ஈரலும் சீக்கிரம் உடைப்பதில்லை. அது ரத்தத்தில் ஏறி மூச்சிலும் வியர்வையிலும் மெல்ல மெல்ல வெளியே வரும். அதனால்தான் பல் தேய்த்தும் போவதில்லை. பூண்டோடு சேர்த்துப் பால் குடித்தால் மூச்சு வாடை குறைகிறது என்று அமெரிக்காவில் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகம் 2010-ல் கண்டது. நம் பாட்டிகள் பூண்டுப் பால் காய்ச்சியது வாயுவுக்காக. இந்தப் பலன் கொசுறு. பச்சை ஆப்பிளும் புதினாவும்கூட உதவும்.

இந்த இடத்தில் உங்களுக்குச் சிரிப்பு வரப்போகிறது. செக் நாட்டில் 2016-ல் வெளியான ஆய்வு ஒன்றில் 42 ஆண்களை ஒரு சமயம் பூண்டு தின்னவைத்தும் இன்னொரு சமயம் தின்னாமலும் அக்குளில் பஞ்சு வைத்து எடுத்து, 82 பெண்களிடம் கொடுத்தார்கள். ஆறு கிராம் தின்றபோது வித்தியாசமில்லை. பன்னிரண்டு கிராம், அதாவது நாலைந்து பல், தின்றபோது அந்த ஆண்களின் அக்குள் வாசனைதான் இதமாகவும் கவர்ச்சியாகவும் இருக்கிறது என்றார்கள் பெண்கள். பஞ்சைத்தான் மோந்தார்கள், வாயை இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆக உங்களைக் குமட்ட வைப்பது அவர் சாப்பிடும் பூண்டாக இல்லாமல், கையிலும் துணியிலும் தலைமுடியிலும் ஒட்டிவரும் பூண்டுச் சாறாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அது வெந்நீரில் போகிற சமாசாரம்.

அந்த 1,800 ரூபாய் சென்ட்டை அலமாரிக்குள் தள்ளுங்கள். ஃபெரமோன் என்பது ஓர் உயிரினம் தன் இனத்துக்கு வாசனையால் விடும் சைகை. 1959-ல் ஜெர்மனியின் புட்டனாண்ட் முதன்முதலாக ஒன்றைப் பிரித்தெடுத்தார்; அதற்காகச் சுமார் இருபது வருடம் உழைத்து, ஐந்து லட்சம் பெண் பட்டுப்பூச்சிகளின் சுரப்பிகளைச் சேர்க்க வேண்டியிருந்தது. ஆண் பூச்சி அந்த வாசனைக்கு மதிமயங்கிச் சிறகடித்துக்கொண்டு தேடி வரும். பூச்சிகளில் நிறைய உண்டு, எலியிலும் பன்றியிலும் உண்டு. மனிதனில் இதுதான் என்று நிரூபிக்கப்பட்ட ஒன்றுகூட இதுவரை இல்லை. இந்தத் துறையையே அலசிய ஆக்ஸ்ஃபோர்டின் டிரிஸ்ட்ரம் வயட் 2015-ல் அதைத்தான் எழுதினார். ‘ஃபெரமோன் சென்ட்’ என்று விற்பவற்றில் பலவற்றில் ஆண்ட்ரோஸ்டினோனோ அதன் உறவுக்காரப் பொருள்களோ இருப்பதாகச் சொல்லித்தான் விற்கிறார்கள். ஆண்ட்ரோஸ்டினோன் ஆண் பன்றியின் எச்சிலில் நிறைய இருப்பது. பெண் பன்றி பருவத்தில் இருக்கிறதா என்று பார்க்கப் பண்ணைகளில் அதைத் தெளிப்பார்கள். மனிதரில் சிலருக்கு அது மூத்திர வாடை, சிலருக்கு வெனிலா மாதிரி இனிப்பு, சிலருக்கு ஒன்றுமே தெரியாது. மூக்கிலுள்ள ஒரு வாசனை ஏற்பியின் ஜீன் ஆளுக்கு ஆள் மாறுவதுதான் காரணம் என்று 2007-ல் கண்டுபிடித்தார்கள். நீங்கள் ‘இன்னும் மோசம்’ என்று எழுதியதைப் படித்ததும், நீங்கள் மூத்திர வாடைக் கட்சியோ என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அந்தக் காசை அவர் எதற்குச் செலவழித்தார் என்று யோசித்தீர்களா? நீங்கள் திரும்பிப் படுப்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. கேட்க வாய் வராமல் செல்போனில் தேடியிருக்கிறார்.

தனக்கு வாடை வீசுகிறது என்பது அவருக்குத் தெரியாது. திட்டாதீர்கள், மூக்கு அப்படித்தான். ஒரே வாசனை தொடர்ந்து இருந்தால் கொஞ்ச நேரத்தில் மூக்கு அதைக் கணக்கில் எடுப்பதை நிறுத்திவிடும். நீங்களே சொல்லுங்கள், நிலக்கோட்டையில் இருந்தபோது உங்கள் வீடு மல்லிகை மணக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்ததா? பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்தான் “பூக்காரப் பொண்ணா?” என்று கேட்டிருப்பார். இன்னொன்றும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது: மல்லிகையின் மணத்துக்குள் இண்டோல் என்று ஒரு பொருள் இருக்கிறது. அதே பொருள் மலத்திலும் உண்டு. கொஞ்சமாக, மற்ற மணங்களோடு கலந்து வந்தால் மயக்கம். தனியாக, கெட்டியாக வந்தால் முகச்சுளிப்பு. பழந்தமிழில் ‘நாற்றம்’ என்றால் நறுமணம்தான், அது பின்னால்தான் கீழே இறங்கியது. நல்ல வாசனைக்கும் கெட்ட வாடைக்கும் நடுவே நாம் நினைப்பதுபோல் பெரிய சுவர் ஒன்றும் இல்லை. நீங்கள் ராத்திரி தலை நிறைய வைத்துக்கொள்ளும் பூ, கதவடைத்த அறையில், பூண்டு வீட்டில் பிறந்த அவருக்குத் தலைவலியாக இருக்கிறதா என்றும் ஒருநாள் கேட்டுப் பாருங்கள்.

எப்படிச் சொல்வது? படுக்கையில் சொல்லாதீர்கள், அத்தை முன்னால் சொல்லாதீர்கள். “உங்ககிட்ட நாத்தம் வருது” என்று ஆரம்பித்தால் அது ஆயுசுக்கும் மறக்காது. ஆளை விட்டுவிட்டுப் பூண்டைக் குற்றம் சொல்லுங்கள். காட்டிலிருந்து வந்து பூட்ஸைக் கழற்றும்போது, “ஏங்க, இன்னிக்குப் பூண்டு வாடை தூக்குது. வெந்நீர் கொதிச்சுக் கிடக்கு, தலையோட ஊத்திட்டு வந்துடுங்க” என்றால் எந்த மனுஷனும் கோபப்பட மாட்டான். சென்ட் பற்றி: “அது தலைய வலிக்குது, சும்மா சோப்பு வாசமே நல்லாருக்கு.” அவ்வளவு போதும். அவருக்கு அது பாராட்டாகவே கேட்கும்.

அம்மா சேலைக்கு வருகிறேன். பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 2018-ல் 96 பெண்களிடம் சட்டைகளைக் கொடுத்து மோந்து பார்க்கச் சொன்னார்கள்: சிலருக்குத் தன் துணைவர் போட்டது, சிலருக்கு முன்பின் தெரியாதவர் போட்டது, சிலருக்கு யாரும் போடாதது. பிறகு அவர்களை ஒரு நெருக்கடியான நேர்காணலில் உட்கார வைத்தார்கள். துணைவர் சட்டையை மோந்தவர்கள் பதற்றம் குறைவாக உணர்ந்தார்கள். தெரியாதவர் சட்டையை மோந்தவர்களுக்கு, பதற்றத்தில் ஊறும் கார்ட்டிசால் ஹார்மோன் கூடியிருந்தது. உங்கள் தலையணைக்குக் கீழே இருப்பது முதல் வகை. தலையணையில் பக்கத்தில் படுத்திருப்பவர், நான்கே மாதத்தில், இன்னும் பாதி இரண்டாம் வகை. ஜீன் பொருத்தத்தைவிட இதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அம்மாவின் சேலை வாசமும் நீங்கள் பிறந்ததிலிருந்து பழகிப் பழகி வந்ததுதானே. ஆஸ்திரேலியாவில் 2006-ல் தாய்மார்களுக்கு, யாருடையது என்று சொல்லாமல், அழுக்கு டயப்பர்களை மோக்கக் கொடுத்தார்கள். தன் பிள்ளையுடையது மற்ற பிள்ளைகளுடையதைவிடக் குறைவாகவே அருவருத்தது. பீ பீதான், ஆனால் நம்ம பிள்ளை. எனவே சேலையை எடுத்துப் போடச் சொல்ல மாட்டேன். அது அங்கேயே இருக்கட்டும்.

ஒரு கேள்விக்கு மட்டும் நேர்மையாகப் பதில் வேண்டும், எனக்கு இல்லாவிட்டாலும் உங்களுக்காவது. அவர் தலைக்குக் குளித்து, துவைத்த பனியன் போட்டு, சென்ட் இல்லாமல் வந்து உட்காரும்போது எப்படி இருக்கிறது? சும்மா இருக்கிறது, அல்லது பரவாயில்லை என்றால், மேலே சொன்ன வேலைகளே போதும். அப்போதும் உடம்பு பின்வாங்குகிறது என்றால் பிரச்சினை வாடை இல்லை. வேறெதையோ மூக்கின் மேல் போட்டுச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள்: மலைக் குளிரோ, வீட்டு ஏக்கமோ, அவசரமாக நடந்த கல்யாணமோ, படுக்கையில் உங்களுக்குப் பிடிக்காத ஏதோ ஒன்றோ. அதைப் பேச மனநல ஆலோசகர் இருக்கிறார், அதுவும் வைத்தியம்தான்.

அவருடைய வாடை இயல்புக்கு மாறாகத் திடீரென்று மாறினால், மீன் வாடை மாதிரி விடாமல் அடித்தால், மூச்சில் அழுகிய பழ வாசம் வந்தால், இரவில் சட்டை நனைய வியர்த்து எடை குறைந்தால், அதைப் பூண்டின் தலையில் போடாமல் பரிசோதிக்க வேண்டும். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை.

வியாழக்கிழமைகளில் நான் கொடைக்கானலில்தான் இருப்பேன். அட்டையைப் பார்த்துவிட்டு வாருங்கள். வரும்போது அவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், பூட்ஸோடு. அந்த உள்ளங்காலை நான் பார்க்க வேண்டும்.